ஓடைக்கார மீன்: உறிஞ்சுவாய்க் கெளுத்தியை அறிவோம்

வண்ணமீன் கடைக்குப் போய், "தொட்டிக் கண்ணாடியெல்லாம் பச்சையாகப் பாசி படிந்துவிட்டது, என்ன செய்வது?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் யோசிக்கவே மாட்டார். "ஒரு பண்டாராயா வாங்கிப் போடுங்கள்" என்பார். மலாய்மொழியில் பண்டாராயா என்றால் மாநகர். தெருவைச் சுத்தமாக வைத்திருப்பது மாநகர் மன்றத்தின் வேலை. தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது இந்த மீனின் வேலை. அதனால்தான் 'இக்கான் பண்டாராயா' என்று பெயர். இந்தோனேசியர்கள் இதை 'சாப்பு சாப்பு' என்கிறார்கள். சாப்பு என்றால் துடைப்பம்.

பெயர் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயராலேயே இந்த மீனுக்குக் கேடும் வந்திருக்கிறது. வேலைக்கு ஆள் எடுப்பதுபோல் இதை வாங்குகிறோம். கண்ணாடி பளபளப்பானதும் சம்பளம் கொடுக்க மறந்துவிடுகிறோம். பாசி தீர்ந்த தொட்டியில், மற்ற மீன்கள் மிச்சம் வைப்பதையே நம்பி, வாரக்கணக்கில் மெலிந்து சாகின்றன பல மீன்கள். பிழைத்துக்கொள்பவை சில, தொட்டியைவிடப் பெரிதாக வளர்ந்து, ஓர் இரவில் வாளியில் ஏறி ஆற்றுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே வேறு விதமான கேடு தொடங்குகிறது.

இந்த மீன் எங்கிருந்து வந்தது, அதன் உடல் ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்பது தெரிந்தால் இரண்டு கேட்டையும் தவிர்க்கலாம். அதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

ஒரே பெயரில் இரண்டு மீன்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடையில் பண்டாராயா என்ற பெயரில் கிடைப்பது ஒரே வகை மீன் அல்ல. மலிவாகவும் அதிகமாகவும் விற்கப்படுவது டெரிகோப்லிக்திஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. கடையில் விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்தால் 40 முதல் 50 சென்டிமீட்டர் வரை போகும். வீட்டுத் தொட்டிக்கு இது ஏற்ற மீனே அல்ல.

இன்னொன்று ஆன்சிஸ்ட்ரஸ். கடைகளில் 'பிரிஸ்டல்நோஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். முழு வளர்ச்சியடைந்தாலும் 12 அல்லது 13 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். ஆண் மீனின் மூக்கின்மேல் கிளை கிளையாகச் சதைக்கொம்புகள் முளைத்திருக்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஏதோ நோய் வந்த மீன் போலத் தோன்றும். இன்றைய பாடத்தின் நாயகன் இந்த மீன்தான்.

குட்டியாக இருக்கும்போது இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? முதுகுத் துடுப்பை விரித்திருக்கும்போது அதில் உள்ள கதிர்களை எண்ணுங்கள். ஆன்சிஸ்ட்ரஸில் முன்னால் ஒரு முள்ளும் அதன் பின்னால் பெரும்பாலும் ஏழு கதிர்களும் இருக்கும். டெரிகோப்லிக்திஸில் அந்தத் துடுப்பு பாய்மரம்போல் உயர்ந்து நிற்கும். கதிர்கள் பெரும்பாலும் பத்துக்கு மேல். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றையும் பாருங்கள். ஆன்சிஸ்ட்ரஸின் வயிறு வெறும் தோல். மற்றதன் வயிற்றில் சிறு சிறு எலும்புத் தகடுகள் பதிந்திருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்தால் பத்தாண்டுத் தலைவலி மிச்சம்.

கவசமும் கவ்வும் வாயும்

இரண்டுமே லோரிகாரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. கெளுத்தி மீன்களிலேயே மிகப் பெரிய குடும்பம் இது; ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் உண்டு. இவற்றின் தாயகம் தென்னமெரிக்காவும், அதற்கு வடக்கே பனாமா, கோஸ்தாரிக்கா வரையிலான நிலமும். நம் ஊர் ஆறுகளில் இயற்கையாக இவை இருந்ததே இல்லை. வண்ணமீன் வாணிகத்தின் வழியாகக் கடல் தாண்டி வந்தவை. இப்போது நம் பகுதிப் பண்ணைகளிலேயே பெருக்கப்படுகின்றன.

ஆன்சிஸ்ட்ரஸ் பேரினத்தின் பல இனங்கள் வேகமாக ஓடும் ஓடைகளில் வாழ்கின்றன. கல்லும் விழுந்த மரமும் நிறைந்த, இலையுதிர்ந்து கிடக்கும் காட்டோடைகள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சிறிய மீனுக்கு முதல் பிரச்சினை, நீர் அடித்துக்கொண்டு போகாமல் நிற்பது. நீந்திக்கொண்டே இருந்தால் உண்ட உணவெல்லாம் நீந்துவதற்கே செலவாகிவிடும். ஆகவே நீந்தாமல் ஒட்டிக்கொள்வதே நல்ல வழி.

ஓடும் நீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கல்லின் மேற்பரப்பை உரசிச் செல்லும் மெல்லிய அடுக்கில் உராய்வினால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். இந்த மீனின் தட்டையான அடிப்பகுதியும் தாழ்ந்த தலையும் அந்த மெதுவான அடுக்கில் பதுங்குவதற்கு ஏற்றவை. மேலே பாயும் நீர் அதன் சரிவான முதுகில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. செதில்களுக்குப் பதிலாக உடலின் பக்கங்களில் வரிசை வரிசையாக எலும்புத் தகடுகள். அந்தத் தகடுகளின்மேல் நுண்ணிய முட்கள் இருக்கின்றன. வெறும் முட்கள் அல்ல, நம் பற்களைப் போலவே உள்ளே பற்கூழும் சுற்றிலும் பற்திசுவும் கொண்டவை. தோலின்மேல் பல் முளைத்த மீன் என்றுகூடச் சொல்லலாம். கன்னத்தில் இருப்பவை நீண்டு கொக்கிபோல் வளைந்திருக்கும். ஆபத்து வந்தால் குடைபோல் விரியும். ஆன்சிஸ்ட்ரஸ் என்ற பெயரே கிரேக்க மொழியில் கொக்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

இனி வாய்க்கு வருவோம். தலையின் அடியில், வட்டமான தட்டுபோல் விரிந்த உதடு. அதைக் கல்லில் பதித்து உள்ளே அழுத்தத்தைக் குறைக்கும்போது வெளியிலுள்ள நீரின் அழுத்தம் மீனைக் கல்லோடு சேர்த்து அழுத்துகிறது. குளியலறைச் சுவரில் துண்டு மாட்டும் ரப்பர்க் கொக்கி நிற்பதும் இதே விதியால்தான். உதட்டின் உட்புறத்தில் கொம்புப்பொருளாலான நுண்முட்களும் இருப்பதால் வழுக்கும் கல்லிலும் பிடி விடாது.

இங்கேதான் ஒரு புதிர். மீன் மூச்சுவிட வேண்டுமானால் வாய் வழியே நீரை உள்ளே இழுத்துச் செவுள் வழியே வெளியே தள்ள வேண்டும். வாயோ கல்லில் ஒட்டியிருக்கிறது. வாயைத் திறந்தால் பிடி போய்விடும். மூடினால் மூச்சு போய்விடும். என்ன செய்யும்?

பெல்ஜியத்திலுள்ள கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் இதற்கு விடை தந்தார்கள். உதட்டின் இரு ஓரங்களிலும், குட்டை மீசைகளுக்குப் பக்கத்தில், மிக மெல்லிய வாய்க்கால்கள் உள்ளன. நீர் அவற்றின் வழியே மட்டும் கசிந்து உள்ளே வருகிறது. வாய்க்குள் ஒரு தோல் மடிப்பு, ஒருவழிக் கதவுபோல, உறிஞ்சும் அறையையும் மூச்சு அறையையும் பிரித்து வைக்கிறது. பிடியும் விடுவதில்லை, மூச்சும் நிற்பதில்லை.

இதே புதிருக்கு நம் பக்கத்து நாட்டு மீன் ஒன்று வேறு விடை கண்டிருக்கிறது. தாய்லாந்தின் ஆறுகளில் வாழும் கைரினோகைலஸ் என்னும் மீனுக்கும் உறிஞ்சும் வாய் உண்டு. அது கெளுத்தி இனமே அல்ல, கெண்டை மீன்களின் உறவு. அதன் செவுள்மூடியின் மேற்புறத்தில் தனியாக ஒரு துளை இருக்கிறது. நீர் அந்தத் துளை வழியே உள்ளே போய்ச் செவுளின் கீழ்ப்புறம் வெளியேறுகிறது. வாய்க்கு மூச்சு வேலையே இல்லை. போர்னியோவின் மலையோடைகளில் மட்டுமே வாழும் காஸ்ட்ரோமைசோன் மீன்களோ, இரண்டு இணைத் துடுப்புகளையும் உடலைச் சுற்றி விரித்து, வயிற்றையே உறிஞ்சும் தட்டாக்கிக்கொண்டன. ஓடை ஒன்றுதான், ஆனால் வெவ்வேறு மூன்று குலங்கள் தனித்தனியே மூன்று வழி கண்டிருக்கின்றன. உயிரியல் பாடத்தில் குவிப் பரிணாமம் என்ற சொல் வந்தால் இந்த மூன்று மீன்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணும் கவனிக்கத்தக்கது. பகலில் கண்மணியின் மேலிருந்து ஒரு சிறு மடல் இறங்கி ஒளியை மறைக்கும். கண்மணி பிறைபோல் தெரியும். இரவில் மடல் சுருங்கிக் கண்மணி வட்டமாகிவிடும். ஆக, இது இரவில் நடமாடும் மீன். உணவு எப்போது போட வேண்டும் என்பதற்கான விடை இந்தக் கண்ணிலேயே இருக்கிறது.

பனாமா ஓடையில் ஒரு மேய்ச்சல் கணக்கு

மாடு மேயும் இடத்தைப் பார்த்துப் புல்லின் கதையைச் சொல்லிவிடலாம். ஓடையிலும் அப்படித்தான். 1970களின் பிற்பகுதியில் மேரி பவர் என்னும் அமெரிக்க உயிரியலாளர், பனாமா கால்வாய்க்கு அருகிலுள்ள ரியோ ஃபிரிஹோலெஸ் என்னும் ஓடையில் இறங்கினார். ஃபிரிஹோலெஸ் என்றால் ஸ்பானிய மொழியில் அவரை விதை. அந்த ஓடையில் ஆன்சிஸ்ட்ரஸ் உட்பட லோரிகாரிடே குடும்பத்தின் நான்கு இனங்கள் இருந்தன. நீருக்குள் முகத்தை வைத்து, மடுவுக்கு மடு அவற்றை எண்ணுவதும், அடையாளமிட்டுத் திரும்பவும் அளப்பதும் அவருடைய வேலை.

அந்த ஓடையின் சில மடுக்களில் வெயில் நன்றாக விழும். சிலவற்றை மரங்கள் மூடியிருக்கும். வெயில் விழும் மடுவில் பாசி வேகமாக வளரும். அப்படியானால் அங்கே கல்லெல்லாம் பாசி மண்டிக் கிடக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. வெயில் மடுவிலும் நிழல் மடுவிலும் கல்லின்மேல் இருந்த பாசியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். காரணம் மீன்கள். வெயில் மடுக்களில் மீன்கள் பல மடங்கு அதிகமாகக் கூடியிருந்தன. உணவு எவ்வளவு வேகமாக விளைகிறதோ அந்த விகிதத்தில் அவை தம்மைப் பகிர்ந்துகொண்டிருந்தன. இதன் விளைவு இன்னும் வியப்பானது: கூட்டமான வெயில் மடுவில் வாழ்ந்த மீனும், காலியான நிழல் மடுவில் வாழ்ந்த மீனும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்ந்தன. எந்த இடத்துக்கு மாறினாலும் ஆதாயமில்லை என்ற நிலை. சூழலியலில் இதற்குப் பெயரே உண்டு. இலட்சியக் கட்டற்ற பரவல் என்பார்கள். பேரங்காடியில் எந்த வரிசையில் நின்றாலும் ஒரே நேரம்தான் ஆகும் என்ற நிலை வரும்வரை மக்கள் வரிசை மாறிக்கொண்டே இருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? மீன்கள் அதைவிட ஒழுங்காகச் செய்கின்றன.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் பாசி மேயப்படாமல் தழைத்திருந்தது. கரையோரம், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறைவான நீரில். உணவு அங்கே கண்ணெதிரே இருந்தும் பெரிய மீன்கள் போகவில்லை. ஆழமற்ற நீரில் நாரையும் மீன்கொத்தியும் கொத்திவிடும் என்பதே காரணம். பசியோடு இருந்தாலும் உயிருக்குப் பயந்து ஒதுங்கி நின்றன. வறண்ட காலத்தில் உணவு குறையும்போதும் அவை இந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

இன்னொன்றையும் மேரி பவர் கவனித்தார். இந்த மீன்கள் மேய்ந்த கற்களில் சேறு படியவில்லை. மேயாத கற்களை மெல்லிய சேறு மூடியது. வாயால் சுரண்டியும் வாலால் கிளப்பியும் சேற்றை நீக்குவதால் பாசிக்கு ஒளி கிடைக்கிறது. மேய்ச்சல்காரனே பயிருக்கும் உதவுகிறான். ஓர் ஓடையில் அந்த மீனுக்கு இருக்கும் இடம் இது. கண்ணாடி துடைக்கும் வேலை இதில் ஒரு சிறு துணுக்குதான்.

குடலையும் பார்த்துவிடுவோம். பாசியிலும் மக்கலிலும் ஊட்டம் குறைவு. நிறையத் தின்று மெதுவாகச் செரித்தால்தான் கட்டுபடியாகும். அதனால் இதன் குடல் உடலைவிடப் பல மடங்கு நீளமாக, கைக்கடிகாரச் சுருள்போலச் சுருண்டு வயிற்றை நிறைத்திருக்கிறது. ஆக, இந்த மீன் நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டிய உயிர். ஒரு வீட்டுத் தொட்டியின் கண்ணாடியில் படியும் பாசி அதற்குச் சில நாள் காலையுணவு.

தொட்டிக்குள் ஓர் ஓடை

வளர்க்க விரும்பும் மாணவர்களுக்கு இனிச் செய்முறை.

தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 40 உயரமாவது இருக்கட்டும். கணக்கிட்டுப் பாருங்கள், 72 லிட்டர். ஒரு மீனுக்கோ ஓர் இணைக்கோ இது போதும். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் போடாதீர்கள். கன்னக் கொக்கிகளை விரித்துக்கொண்டு குகைக்காகச் சண்டையிடும்.

மீனை வாங்குவதற்கு முன்பே தொட்டியைத் தயாராக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. வடிகட்டியில் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடியது. இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை சிட்டிகை மீனுணவைத் தொட்டியில் போட்டு, வடிகட்டியை ஓடவிட்டுக் காத்திருங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த மீன் சரிப்படாது. 'தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்' என்கிறார்களே, இது அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன். இரண்டு நாள் கவனித்தால் தெரிந்துவிடும்: நூல் நூலாகப் பச்சைக் கழிவு தரையெங்கும் கிடக்கும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை, அதாவது 18 லிட்டர், அடியிலிருந்து குழாயால் உறிஞ்சி மாற்ற வேண்டும்.

மாற்றும் குழாய்நீரில் குளோரின் இருக்கும். சிங்கப்பூரில் குளோராமின் சேர்க்கிறார்கள். குளோரின் என்றால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் ஆவியாகிப் போகும். குளோராமின் அப்படிப் போகாது. எனவே கடையில் விற்கும் குளோரின் நீக்கியை அளவு பார்த்துச் சேர்ப்பதே பாதுகாப்பு. வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் அலசக் கூடாது. அதிலிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

வெப்பம்தான் நம் ஊரில் பெரிய சவால். இந்த மீனுக்கு உகந்தது 22 முதல் 27 பாகை செல்சியஸ். நம் வீட்டுத் தொட்டி மதிய வேளையில் 30ஐத் தொட்டுவிடும். சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். காற்றோடு சமநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் நன்னீரில் 20 பாகையில் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் உயிர்வளி இருக்கும். 25 பாகையில் 8.3, 30 பாகையில் 7.6. அதே நேரத்தில் சூட்டினால் மீனின் உடலியக்கம் விரைவுபட்டு அதற்கு உயிர்வளித் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் நிலை. தீர்வு எளிது: தொட்டியைச் சன்னலோரத்தில் வைக்காதீர்கள். வடிகட்டியின் நீர் மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்பி வையுங்கள். காற்றுக்கல் ஒன்று போடுங்கள். வெயில் நாட்களில் மூடியைத் திறந்து ஒரு சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பில் வீசவிட்டால், ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை குறையும். மீன் துள்ளிவிடாமல் மேலே வலை கட்டிவிடுங்கள்.

உயிர்வளி குறைந்தால் இந்த மீன் என்ன செய்யும் தெரியுமா? விருட்டென்று மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். நுரையீரல் இல்லை, வயிற்றாலேயே மூச்சுவிடும். இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய இரைப்பைச் சுவர் காற்றிலிருந்து உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. ஓடை வற்றி மடுக்கள் தேங்கும் காலத்துக்கான ஏற்பாடு அது. தொட்டியில் எப்போதாவது இப்படிச் செய்தால் கவலை வேண்டாம். அடிக்கடி செய்தால் அது வேடிக்கையல்ல, எச்சரிக்கை. நீங்களே ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள்: காலையில் விளக்கு போடுவதற்கு முன் அரை மணி நேரத்தில் எத்தனை முறை மேலே வந்தது, மாலையில் எத்தனை முறை, அப்போது நீரின் வெப்பம் என்ன. செடிகள் இருக்கும் தொட்டியில் விடியற்காலையில்தான் உயிர்வளி மிகக் குறைவாக இருக்கும். ஏன் என்பதை ஒளிச்சேர்க்கைப் பாடத்திலிருந்து நீங்களே சொல்லிவிடலாம்.

உணவு. இரவு விளக்கை அணைத்தபின் போடுங்கள். பகலில் போட்டால் மற்ற மீன்கள் தீர்த்துவிடும். கடையில் விற்கும் பாசி வில்லைகள் ஒரு நாள், காய்கறி ஒரு நாள் என்று மாற்றிக் கொடுக்கலாம். வெள்ளரிக்காய்த் துண்டு, வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த கங்கோங் அல்லது கீரை, தோலுரித்த பச்சைப் பட்டாணி எல்லாம் பிடிக்கும். வெள்ளரிக்காய் மிதக்கும், பழைய எஃகுக் கரண்டியில் குத்தி மூழ்கவிடுங்கள். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நீர் கெடும். காய்கறியை நன்றாகக் கழுவுவது முக்கியம். பூச்சிமருந்து மீனுக்கு ஆகாது.

மரக்கட்டை ஒன்று அவசியம் போடுங்கள். மரத்தைத் தின்றால்தான் இதற்குச் செரிமானம் ஆகும் என்று கடைகளில் சொல்வார்கள். மரம் தின்னும் உறவுக்காரக் கெளுத்திகளை ஆராய்ந்தபோது, அவையே மரநாரைச் செரிப்பதில்லை, சில மணி நேரத்தில் அப்படியே வெளியேற்றிவிடுகின்றன என்பது 2009இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. மீன் உண்மையில் நாடுவது மரத்தின்மேல் படரும் பாசியும் நுண்ணுயிர்ப் படலமும்தான். ஒளிந்துகொள்ள இடமும் கிடைக்கும்.

மீன் பசியாக இருக்கிறதா என்பதை அறிய, அது கண்ணாடியில் ஒட்டும்போது வயிற்றைப் பாருங்கள். சமமாகவோ சற்றுப் பருத்தோ இருந்தால் நலம். உட்குழிந்திருந்தால் பட்டினி. கண்களும் உள்வாங்கியிருந்தால் நிலைமை மோசம். கடையிலேயே குழிந்த வயிறுள்ள மீனை வாங்காதீர்கள். இரக்கப்பட்டு வாங்கினாலும் பெரும்பாலும் பிழைக்காது. மீனைப் பிடிக்க வலை வேண்டாம். கன்னக் கொக்கி வலையில் மாட்டிக்கொண்டால் எடுப்பதற்குள் மீனும் நீங்களும் படாதபாடு படுவீர்கள். ஒரு ஞெகிழிக் குவளையே போதும்.

தாடிக்காரத் தந்தை

ஒரு கொட்டாங்கச்சியில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தால், ஒரு மூங்கில் துண்டைப் போட்டால், ஆண் மீன் அதைச் சொந்தமாக்கிக்கொள்ளும். பெண் உள்ளே போய் ஆரஞ்சு நிற முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவிட்டு வெளியேறிவிடும். அதோடு அவள் பங்கு முடிந்தது. அதன்பின் எல்லாம் தந்தைதான். வாசலை அடைத்துக்கொண்டு, துடுப்பால் விசிறி, முட்டைகளுக்குப் புதிய நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். கருவுணவுப் பையைச் சுமந்தபடி குஞ்சுகள் இன்னும் சில நாள் குகைக்குள்ளேயே இருக்கும். இந்த நாட்களில் தந்தை உணவுக்காக வெளியே வருவதே அரிது.

ஆணின் மூக்கில் ஏன் அந்தக் கொம்புகள்? முட்டைகளைக் காத்துக்கொண்டிருக்கும் ஆணையே பெண்கள் விரும்புகின்றன. குகை வாசலில் ஆணின் தலையில் அசையும் கொம்புகள், பெண்ணின் கண்ணுக்குக் குஞ்சுக் கூட்டம்போலத் தோன்றலாம். 'நான் நல்ல தந்தை' என்ற விளம்பரமாக அவை உருவாகியிருக்கலாம் என்று 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். இன்னும் விவாதத்தில் இருக்கும் கருத்துதான். ஆனாலும் மீசையை முறுக்குவதைவிட இது உயர்ந்த விளம்பரம் என்பது என் எண்ணம்.

ஆற்றில் விட்டால்?

கிள்ளான், லங்காட் ஆறுகளில் வலை வீசுபவர்களைக் கேட்டால் பண்டாராயா மீனைப் பற்றி நல்ல வார்த்தை வராது. வலையில் ஏறுவதும் அது. முட்களால் வலையைக் கிழிப்பதும் அது. இங்கே நாம் பேசுவது பெரிய வகையான டெரிகோப்லிக்திஸ். ஓடை வற்றினால் பிழைக்க உதவிய வயிற்று மூச்சு, மாசடைந்த நகர ஆற்றிலும் அதைப் பிழைக்க வைக்கிறது. உள்ளூர் மீன்கள் மூச்சுத் திணறும் நீரில் இது சுகமாக இருக்கும். கவசம் இருப்பதால் இங்குள்ள கொன்றுண்ணிகள் பெரிதாகத் தொடுவதில்லை. முட்டையிட ஆற்றங்கரை மண்ணில் ஒரு மீட்டர் வரைகூடச் சுரங்கம் தோண்டும். நூற்றுக்கணக்கில் தோண்டினால் கரை சரிந்து நீர் கலங்கும். பாசியும் மக்கலும் உள்ளூர் மீன்குஞ்சுகளுக்கும் நத்தைகளுக்கும் உணவு. அதையும் இது பகிர்ந்துகொள்கிறது. ஆற்றை இது சுத்தம் செய்யும் என்று நம்பி விடுபவர்களும் உண்டு. கழிவுநீரும் குப்பையும் வந்து விழும் ஆற்றை எந்த மீனாலும் சுத்தம் செய்ய முடியாது.

சிங்கப்பூரில் நீர்த்தேக்கங்களிலும் பூங்காக்களிலும் உயிரினங்களை விடுவது குற்றம். விசாக நாள் நெருங்கும்போது, புண்ணியம் கருதி விலங்குகளை விடுவிக்க வருபவர்களிடம் தன்னார்வலர்கள் நின்று எடுத்துச் சொல்கிறார்கள். தொட்டியில் வளர்ந்த மீன் ஆற்றில் விட்ட சில நாளிலேயே செத்துப்போகலாம்; சாகாமல் பெருகினால் மற்றவை சாகும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே பெரிய வகை மீன் இருந்து, அது 20 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதா? வாங்கிய கடையில் பேசிப் பாருங்கள். பல கடைகள் இலவசமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பெரிய தொட்டியோ சிமெண்டுக் குளமோ வைத்திருக்கும் வளர்ப்பாளர்கள் இணையக் குழுக்களில் கிடைப்பார்கள். ஆன்சிஸ்ட்ரஸ் வளர்ப்பவர்களுக்கு வேறு சிக்கல்: ஓர் இணை ஆண்டில் பலமுறை முட்டையிடும், ஒவ்வொரு முறையும் பல டஜன் குஞ்சுகள். யாருக்குக் கொடுப்பது என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் ஒரு மீனை மட்டும் வளர்ப்பதே நல்லது. இணையாக வாங்கிவிட்டீர்கள் என்றால், முட்டை இல்லாத நேரம் பார்த்துக் கொட்டாங்கச்சியையும் மூங்கிலையும் எடுத்துவிட்டு மரக்கட்டையை மட்டும் விட்டுவையுங்கள். குகை இல்லாத இடத்தில் பெரும்பாலும் அவை முட்டையிடுவதில்லை.